நாச்சிமுத்துவின் அமாவாசை இலை

மெதெயின் நகரத்திலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறினால் வருகிற பியேத்ராலிசா என்ற கொலம்பிய ஊரில், அவிநாசிக்காரன் நாச்சிமுத்து தன் ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழுந்து, பல் துலக்கி, கறுப்புக் காப்பி குடித்து, இருப்பதில் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, தான் உயிரோடு இருப்பதாக ஒரு சான்றிதழ் வாங்கக் கிளம்பினான். அன்றைக்கு அவனுக்கு வேலைகள் நாலு. போட்டோ எடுக்க வேண்டும், நோட்டரி ஆபீசுக்குப் போக வேண்டும், மதியம் கடையில் சாப்பிட வேண்டும், சாயங்காலம் ஊருக்குப் போன் போட வேண்டும். மற்ற மூன்றும் எப்படிப் போனாலும் நாலாவதைச் செய்தே தீர வேண்டும், ஏனென்றால் மறுநாள் ஆடி அமாவாசை, மறுநாள் அவனுக்கு முதல் வருஷத் திதி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் திருப்பூரிலிருந்து பன்னிரண்டு நிட்டிங் மெஷின்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பியவர்கள், அவற்றைப் பொருத்தி ஓட்டிக் காட்ட பிட்டர் நாச்சிமுத்துவையும் விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு வருஷ வேலை என்றார்கள். மூன்றாம் வருஷம் மில்லைப் பூட்டிவிட்டு முதலாளி எங்கேயோ போய்விட்டார், மெஷின்கள் மேல் கொடி படர்ந்தது, நாச்சிமுத்து ஊரில் உள்ள தையல் மெஷின்களையெல்லாம் ரிப்பேர் செய்துகொண்டு அங்கேயே தங்கினான். மில் பூட்டின வாரம் வீட்டுக்குப் பேச அவனுக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம், போன வாரம் ஏன் பேசவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று பேசவில்லை. அதற்கடுத்த வாரம், இரண்டு வாரத்துக்கும் சேர்த்து என்ன சொல்வது என்று பேசவில்லை. இப்படி வெட்கம் வாரத்துக்கு ஒரு வாரம் வளர்ந்து, மாசமாகி, வருஷமாகி, அங்கிருந்து கூப்பிட்டாலும் எடுக்க முடியாதபடி நம்பரையும் மாற்றிக்கொண்டான். கோழை என்றால் கோழைதான், அதில் பேச்சே இல்லை. பெண்டாட்டி மயிலாத்தாளையும் மகள் நிவேதாவையும் நினைக்காத நாள் இல்லை என்று கேட்டால் சொல்வான். நினைப்பதற்கு என்ன, உட்கார்ந்த இடத்திலிருந்து யார் வேண்டுமானாலும் நினைக்கலாம்.

போன ஆடி அமாவாசை மதியம், வழக்கம்போல ரூபியேலா அம்மாளின் சாப்பாட்டுக் கடையில், கோழியும் மரவள்ளியும் நேந்திரங்காயும் போட்டுக் கொதிக்கவைத்த சூப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு அந்த அம்மாள் திரும்புவதற்குள், சூப்புத் தட்டு இருந்த இடத்தில் ஒரு தலைவாழை இலை விரிந்து, அதில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கூட்டும் வாழைக்காய்ப் பொரியலும் உளுந்து வடை ஒன்றும் பாயசமும் ஆவி பறக்க இருந்தன. இலைக்குத் தலைமாட்டில் மஞ்சள் தடவின கோடி வேட்டி ஒன்று, பீடிக்கட்டு ஒன்று. அவிநாசியில் உச்சிப்பொழுதுக்குப் படைத்த படையல், உச்சி வெயிலோடு கிளம்பி, வெயிலோடு கடல் தாண்டி, வெயில் பியேத்ராலிசாவின் உச்சியில் வந்து நின்ற நேரத்துக்குத் தானும் வந்து இறங்கியது, அவ்வளவுதான் விஷயம். அப்பாவுக்கு வைத்தது தப்பி வந்துவிட்டதோ என்று நாச்சிமுத்து ஒரு நிமிஷம் ஆசைப்பட்டான். அப்பாவுக்குப் பீடி வாடையே ஆகாது. தனக்குத் திதி கொடுத்துவிட்டார்கள் என்று புரிந்ததும் ஓவென்று அழுதான், அழுதுகொண்டே பருப்பைச் சோற்றில் பிசைந்தான், ஒரு வாய் வைத்ததும் மயிலாத்தாளின் கைப்பக்குவம் நாக்கில் வந்து உட்கார்ந்தது, ஐந்து வருஷமாகக் காணாத உப்பு, காணாத புளி. அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டான். சாப்பிட்டுக் கையை எடுத்ததும் இலை போய்விட்டது.

முதல் மாசம் ரூபியேலா அம்மாள் சமையற்காரியைப் பிடித்துத் திட்டினாள். இரண்டாம் அமாவாசைக்கும் அதே மேஜையில் அதே நேரத்துக்கு இலை வந்ததைப் பார்த்துவிட்டு, மூன்றாம் அமாவாசைக்கு அவனுக்குச் சூப்பே ஊற்றவில்லை, நல்ல சூப்பு எதற்கு வீணாக வேண்டும் என்று. ஊரில் ஒரு சுவரில் சன்னல் வைத்தாலே மூன்று நாள் பேசுவார்கள், இதை மூன்று வாரம் பேசினார்கள், பிறகு இதுவும் பஸ் வருகிற மாதிரி, மழை வருகிற மாதிரி ஆகிவிட்டது. முடிதிருத்துகிறவர் வடையைக் கேட்டு வாங்கித் தின்று பார்த்தார். பாதிரியார் வந்து மோந்து பார்த்து, பருப்பில் செய்தது பாவமாகாது என்று சொல்லி ஒன்றை அங்கி மடிப்பில் போட்டுக்கொண்டு போனார். சுகாதார ஆபீசர் வந்து, சமையல் நடக்கும் இடம் என்ற கட்டத்தில் 'தூரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலாம் மாசம் இலையில் வடை இரண்டாயிற்று, பிறகு ஐந்தாயிற்று, பிறகு இருபதாயிற்று; தங்கள் ஊர்ப் புனிதர்தான் பெருக்கித் தருகிறார் என்று சனங்கள் முடிவு செய்து, அமாவாசையன்று கடைக்கு முன்னால் வரிசையில் நிற்கப் பழகினார்கள். வந்த வேட்டிகளைக் கிழித்து மூட்டு வலிக்குக் கட்டிக்கொண்டார்கள், வலியும் போயிற்று என்றார்கள்.

இதில் அவன் யார் என்ற கேள்விக்கும் அவர்களே பதில் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து என்று சொல்ல வாய் வராமல், அங்கத்து மரியாதைக்குத் தோன் என்று முன்னால் ஒட்டி, தோன் நாச்சோ என்று கூப்பிட்டுவந்தவர்கள், தோன் நாச்சோ செத்துப்போனவர், அதுவும் நல்ல குடும்பத்துச் சாவு, இல்லாவிட்டால் மாசம் தவறாமல் யார் இப்படிச் சோறு போடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவன் மேஜையில் மெழுகுவத்தி ஏற்றிவைத்தார்கள். தங்கள் வீட்டில் செத்தவர்களுக்குச் சொல்லச் சொல்லிச் சீட்டு எழுதி அவன் சட்டைப் பையில் செருகினார்கள். செத்தவர் கை பட்டால் நூல் அறாது என்று தையல் மெஷின்களை முன்னைவிட அதிகமாகக் கொண்டுவந்தார்கள்.

நாச்சிமுத்து ஒரு நாளாவது இல்லை என்று சொன்னானா என்றால், சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று வாயைத் திறந்தால், செத்தவனுக்கு வருகிற சோறு நின்றுபோகும் என்ற பயம். அவிநாசிக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்துபோகிற காரியத்தை, அந்த ஒரு இலைக்கு ஆசைப்பட்டு ஒரு வருஷம் தள்ளினான். உப்பிட்டவளை உள்ளளவும் நினைக்க வேண்டியதுதான், அதற்காகப் பிணமாக நடிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் ஐந்து வருஷம் அந்த உப்பு இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் இல்லை. ஆனால் அவன் வீட்டு வழக்கத்தில் மாச இலை முதல் வருஷத்துக்கு மட்டும்தான். வருஷத் திதி முடிந்தால் ஆளைத் தாத்தன் பூட்டன் வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்கள், அந்த வரிசையிலிருந்து இதுவரைக்கும் எவனும் எழுந்து வீட்டுக்கு வந்ததில்லை. நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வெறும் குரலை யார் நம்புவார்கள், சீல் வைத்த தாள் என்றால் அவிநாசி நம்பும் என்று நினைத்துத்தான் சான்றிதழுக்குக் கிளம்பினான்.

போட்டோக் கடையில், கல்லறைக்கு என்றால் கொஞ்சம் சிரித்த மாதிரி எடுப்பதுதான் வழக்கம் என்றார்கள். சிரிக்காமல் எடுத்துக்கொண்டு நோட்டரி ஆபீசுக்குப் போனான். அங்கே குமாஸ்தா எவரார்டோ, அவனைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"இதில் என்ன கஷ்டம், தோன் நாச்சோ? வெளிநாட்டில் பென்ஷன் வாங்கும் கிழவர்கள் தினம் வர்றாங்க. ஆள் நேரில் வரணும், கைரேகை வைக்கணும், நான் சீல் அடிக்கணும். அஞ்சு நிமிஷம். ஆனா ஆள் உயிரோட இருக்கணும்."

"இருக்கேனே, எவரார்டோ."

எவரார்டோ மைப்பெட்டியை நகர்த்தினான். நாச்சிமுத்து பெருவிரலை வைத்து அழுத்தினான், ரேகை சுத்தமாக விழுந்தது. எவரார்டோ அதை வெகுநேரம் பார்த்தான்.

"ரேகை இருக்கு. என் அம்மாவுக்கும் இருந்தது, பெட்டியை மூடும்போது பார்த்தேன்."

"மூச்சு விடுறேன் பாருங்க. தொட்டுப் பாருங்க, சூடா இருக்கேன்."

"கோவிச்சுக்காதீங்க. செத்தவங்களுக்கு வைக்கிற சாப்பாட்டை மாசாமாசம் நீங்க சாப்பிடுறதை இந்தக் கண்ணால பார்த்தவன் நான். மூணு வடை தின்னிருக்கேன். அப்படி இருக்கும்போது நீங்க உயிரோட இருக்கீங்கன்னு இந்தக் கையால எழுதினா அது பொய்ச் சான்று இல்லையா? எனக்கு வேலை போயிடும்."

"எங்க வீட்டில தெரியாமப் பண்ணிட்டாங்க. அவங்களுக்கு நான் செத்துட்டேன்னு ஒரு நினைப்பு."

"உங்களைப் பத்தி உங்க வீட்டுக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் எவரார்டோ, உண்மையாகவே பதில் தெரியாமல்.

திட்டி அனுப்பினால் திருப்பித் திட்டலாம், மரியாதையாக மறுப்பவனை என்ன செய்வது என்று தெரியாமல் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். எவரார்டோவுக்கே மனசு கேட்கவில்லை. சட்டப் புத்தகத்தைப் புரட்டி, சந்தேகம் வந்தால் ஊரில் நம்பிக்கையான ஒருத்தர் வந்து இவர் உயிரோடு இருக்கிறார் என்று சத்தியம் செய்யலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னான். அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடும் என்றும் சொன்னான். வாசல் வரைக்கும் கூடவே வந்து, அம்மா மரஅலமாரியின் சாவியை எங்கே வைத்தாள் என்று முடிந்தால் கேட்டுச் சொல்லும்படி, தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டான்.

ஊரில் நம்பிக்கையானவள் என்றால் ரூபியேலா அம்மாள்தான். மதியம் அவள் கடைக்குப் போனான். அமாவாசை நாளைக்குத்தான் என்பதால் இலை வராது, சாதாரணச் சாப்பாடுதான்: சிவப்பு பீன்ஸ், சோறு, பொரித்த நேந்திரம், சோள அடை, ஒரு டம்ளர் லூலோ பழச்சாறு. நாச்சிமுத்து பசியில்லாமல் எல்லாவற்றையும் தின்றான். கூட்டம் குறைந்ததும் ரூபியேலா அம்மாள் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அறுபது வயசுக்காரி, இரண்டு புருஷன்களைப் புதைத்தவள், யாருக்கும் கடனாக ஒரு வார்த்தை கூட வைக்காமல் அன்றன்றே பேசித் தீர்த்துவிடுகிறவள். அவன் விஷயத்தைச் சொன்னான்.

"வர்றேன். இப்பவே வேணும்னாலும் வர்றேன்," என்றாள். "நீங்க செத்தவர்னு நான் என்னிக்கும் நம்பலை. செத்தவங்க இப்படி ரெண்டாந்தடவை சோறு கேட்க மாட்டாங்க."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷத்தில் அவனை உயிருள்ளவன் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆனா ஒண்ணு, தோன் நாச்சோ. சத்தியம்னா சத்தியம். நான் அங்கே போய் இவர் உயிரோட இருக்கார்னு சிலுவையைத் தொட்டுச் சொன்னதுக்கு அப்புறம், நாளைக்கு அந்த இலை வரும்போது நீங்க இந்த மேஜையில உட்காரக் கூடாது. அது செத்தவங்க சாப்பாடு. உயிரோட இருக்கிறவர் அதில கை வைக்க நான் விடமாட்டேன். வந்தா வரட்டும், அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

சரி என்று சொல்ல வேண்டியதுதான். சரி என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். நாளைக்கு வருஷத் திதி, வருஷத் திதி என்றால் மற்ற மாசம் மாதிரி இருக்காது, மயிலாத்தாள் முன்னாலேயே எள்ளை வறுத்திருப்பாள், நல்லெண்ணெய் புதுசாக வாங்கியிருப்பாள் என்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் அவன் மூக்குக்கு எட்டிவிட்டது.

"நாளைக்கு ஒரு நாள் சாப்பிட்டுட்டு," என்றான், "நாளன்னிக்கு வந்து சத்தியம் பண்ணலாமா?"

ரூபியேலா அம்மாள் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. தன் கையை அவன் கைக்குள்ளிருந்து மெல்ல உருவிக்கொண்டு எழுந்துபோய், அமாவாசைக்கு மட்டும் ஏற்றுகிற மெழுகுவத்தியை எடுத்துவந்து, பட்டப்பகலில், அன்றைக்கே அவன் முன்னால் ஏற்றிவைத்தாள்.

அதற்குப் பிறகு நாச்சிமுத்து நோட்டரி ஆபீசுக்குப் போகவில்லை. சந்தைக்குப் போனான், சவரப் பிளேடு வாங்கினான், ஒரு கிழவியின் தையல் மெஷினுக்கு பெல்ட் வாங்கிக் கொண்டுபோய் மாட்டினான், பூங்காவில் உட்கார்ந்து கழுகுகளைப் பார்த்தான். அந்தக் கண்டத்தில் காக்கை கிடையாது, கூரைக்குக் கூரை கழுகுதான். தான் கேட்ட கேள்வியை நினைக்க நினைக்க அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு வேளைச் சோற்றுக்காகத் தானே தன்னைப் பாடையில் ஏற்றிக் கட்டிவிட்டு வந்த மாதிரி இருந்தது. தாள் இல்லாவிட்டால் போகிறது, குரல் இருக்கிறது, கட்டினவளுக்குக் குரல் தெரியாமலா போகும் என்று கடைசியாக ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு, ஐந்தரை மணிக்குக் கோயில் படியில் உட்கார்ந்து, மறக்க முடியாத அந்தப் பத்து எண்களைப் போனில் அழுத்தினான். அவிநாசியில் அப்போது புதன்கிழமை விடிகாலை நாலு மணி. திதிச் சமையலுக்கு எழுந்திருப்பாள்.

"யாருங்க?" என்றது மயிலாத்தாளின் குரல். பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மயிலா."

கிரைண்டர் நின்றது.

"நாந்தான், மயிலா. நான் சாவல. உசுரோட இருக்கறேன்."

மூன்றரை வருஷமாகச் சொல்லிப் பார்த்து, சொல்லிப் பார்த்து, கடைசியில் சொல்லியே விட்டான். அவள் அலறுவாள், அழுவாள், பேய் என்று போனைப் போடுவாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தான்.

"தெரியுமுங்க," என்றாள் மயிலாத்தாள்.

நாச்சிமுத்து போனை அந்தக் காதிலிருந்து இந்தக் காதுக்கு மாற்றினான்.

"சோத்தைக் காக்கா எடுக்கலீங்க. மொத அமாவாசைக்குச் செவுத்து மேல வெச்சுட்டு தொண்ட வரளக் கூப்பிட்டேன், ஒண்ணுகூட வருல. உள்ள வந்து பாத்தா எலையவே காணோம், ராத்திரி படுக்கப் போறப்ப காலியா வந்து கெடக்குது. கறிவேப்பிலைய மட்டும் பொறுக்கி எலையோரமா வரிசையா வெச்சிருக்குது. இருவது வருசம் நான் வழிச்சுப் போட்ட கறிவேப்பிலைங்க அது, எனக்குத் தெரியாதுங்களா? அப்பறம் ஒரு வடை சேத்து வெச்சேன், அதும் போச்சு. சேக்காளிக இருக்கறாங்களாட்ட இருக்குதுன்னு இருவது வெச்சேன்."

"தெரிஞ்சுமா எனக்குத் திதி குடுத்தே?"

"மொத மாசம் தெரியாமத்தானுங்க. அதுக்கப்பறம் தெரிஞ்சுதான்." அவள் குரலில் கோபம் இல்லை. அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு வந்து பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினாள். "புள்ளயப் பாக்க வந்தவங்க எல்லாரும் அப்பா எங்கன்னு கேட்டாங்க. இருக்கறாருன்னா, எங்கன்னாங்க. தெரியலைன்னா எந்திரிச்சுப் போயிட்டாங்க. போட்டோவுக்கு மால போட்டதுக்கப்பறம் யாரும் ஒண்ணும் கேக்கலீங்க. தையில கண்ணாலம் ஆச்சு. இப்ப அஞ்சு மாசம்."

"நிவேதாவுக்கா?"

"ஆமாங்க. பையனாப் பொறந்தா உங்க பேரு வெக்கறதுன்னு மாப்பள வீட்ல சொல்லியிருக்கறாங்க."

"நான் இருக்கறது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அவ அழுது முடிச்சுட்டா. மறுக்கா எதுக்குங்க அவளுக்கு."

கோயில் மணி அடித்தது. படியில் ஏறி வந்த இரண்டு பெண்கள் அவனைப் பார்த்து நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, தொந்தரவு செய்யக் கூடாது என்று சுற்றிப் போனார்கள்.

"நான் வந்தர்றேன் மயிலா. எப்பிடியாச்சும் வந்தர்றேன்."

"வந்து?" என்றாள். "ரண்டரை வருசம் பொட்டு வெச்சுக்கிட்டு ஒவ்வொரு போன் மணிக்கும் ஓடி ஓடி வந்தனுங்க. ராத்திரியில பொட்டுனு கண்ணு முளிச்சுக்கும். பொட்ட அழிச்சதுக்கப்பறந்தானுங்க தூக்கம் வருது. உங்கள வேண்டாங்கலீங்க நான். வேண்டாம்னா சோறு வெப்பனா? ஆனா மறுக்கா என்னால ஆகாதுங்க."

நாச்சிமுத்து அழுதான். அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள், போனை வைக்கவில்லை, அழாதீங்க என்றும் சொல்லவில்லை. அவன் மூக்கைச் சிந்துகிற வரைக்கும் பொறுத்திருந்து பேசினாள்.

"மாசாமாசம் வெக்கறது இன்னியோட முடிஞ்சுதுங்க. இனி வருசத்துக்கு ஒருக்காதான். அதனால இன்னிக்கு நல்லா வெக்கலாம்னு வெள்ளெனவே எந்திரிச்சேன். உங்களுக்கு என்ன வேணுமுங்க? சொல்லுங்க, வெக்கறேன்."

ஆறு வருஷத்துக்கு அப்புறம் பெண்டாட்டி என்ன வேண்டும் என்று கேட்கிறாள். நீ வேண்டும், வீடு வேண்டும், பேரனைத் தூக்க வேண்டும் என்று சொல்வதற்கு ஒரு ஆள் உயிரோடு இருக்க வேண்டும், அப்படி ஒருத்தன் இருப்பதாகச் சத்தியம் செய்ய உலகத்தில் இருந்த ஒரே ஒருத்தியை அவன் மத்தியானமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"அரிசிம்பருப்புச் சோறு," என்றான். "சின்ன வெங்காயம் நெறையா உரிச்சுப் போட்டு. பூண்டு தட்டிப் போட்டு."



"படையலுக்கு வெங்காயம் பூண்டு ஆகாதுங்களே," என்றாள் மயிலாத்தாள்.

"செரி," என்றான் நாச்சிமுத்து. "இல்லாமயே வையி."